எல்லோரும் சொன்ன எண்

மூன்றாவது எண்ணையும் பெட்டி ஏற்கவில்லை. சின்னத் திரையில் ஒரு கோடு ஓடி மறைந்தது. மறுபடி நான்கு கட்டங்கள் காலியாக வந்து நின்றன. பூலோகம் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் வெயில் பாதித் தூரம் வந்திருந்தது. கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பாவின் மேல் போன் கிடந்தது. அதற்குள் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பையா, ஆச்சா?" என்றது வந்தனாவின் குரல். அண்ணனை அவள் இந்தியில் பையா என்பாள். "எங்க பட்டறைப் பெட்டிக்கு அதான் நம்பர். உங்க பெட்டிக்குப் போகும்னு காரன்ட்டி நஹீ."

"ஆகல" என்று பூலோகம் பொத்தானை அழுத்திச் சொன்னான்.

"நம்ம கிட்ட ஒண்ணு இருக்குதுங்க" என்றது இன்னொரு குரல். கோயம்புத்தூர் கண்ணா. "போன வருஷம் ஒரு மில்லு லிஃப்டுல போட்டனுங்க, பட்டுனு தொறந்துக்கிச்சு. சித்த நேரம் விட்டுப் போடுங்கண்ணா."

வேண்டியிருந்தது சின்னக் காரியம். பன்னிரண்டாம் மாடியில் லிஃப்ட் நாலு விரல் தாழ்ந்து நிற்கிறது. அந்த நாலு விரலை ஏற்றிவிட வேண்டும். பழைய லிஃப்டாக இருந்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருப்பான். இது புதுசு. லிஃப்டை ஓட்டுவது சுவரில் மாட்டிய இந்த இரும்புப் பெட்டி. எந்த மாடியில் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்த நான்கு இலக்க எண் ஒன்று வேண்டும். எண் லிஃப்டை மாட்டிய கம்பெனிக்குத் தெரியும். அந்தக் கம்பெனி, கட்டடம் கட்டி முடிந்த சில வருஷங்களில் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

கட்டடம் பம்பாயில், செம்பூரில் இருந்தது. சாலையை அகலமாக்க இடித்த வீடுகளுக்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்த பதினான்கு மாடி. லிஃப்ட் இரண்டு. ஒன்றின் உறுப்புகளைக் கழற்றிக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டதில் முதலாவது செத்துப்போய், அதன் கதவுகளை வெல்டிங் வைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இது.

பூலோகம் லிஃப்ட் மெக்கானிக். அப்பா அம்மா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். அவன் தாராவியில் பிறந்தவன். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்து லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரும்புக் கதவை இழுத்து மூடித் திறக்கிற வேலையில்தான் அவன் ஆரம்பம். பிறகு கிரீஸ் தடவினான். பிறகு கயிறு மாற்றினான். இப்போது மாட்டுங்காவில் பத்துப் பதினைந்து கட்டடங்கள் அவனைத்தான் கூப்பிடுகின்றன. தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் அவன் கணக்கில் இல்லை. அதற்குக் குடியிருப்போர் சங்கமான சொசைட்டி வேறு ஆளை வைத்திருந்தது. அந்த ஆள் வருவதில்லை.

போனில் பேசிக்கொண்டிருந்த குழுவுக்கு 'மேலே கீழே' என்று பெயர். தமிழ் பேசுகிற லிஃப்ட் ஆட்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு அதில் கூடுவார்கள். எழுதுவது கிடையாது, பேச்சுத்தான். பம்பாயில் பிறந்தவர்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் தொடக்கத்திலேயே அப்படி வைத்துவிட்டார்கள். அதனால் யார் முகமும் யாருக்கும் தெரியாது. இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் குக்கர் சத்தம் வரும். இன்னொருவர் பேசும்போது கோயில் மணி. காலை வணக்கப் படம் போட்டால் ஒருநாள் வெளியே. கேள்வி கேட்டவனுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும், தெரியாது என்றாவது. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. ஒருவன் யோசனை சொன்னால் அதைச் செய்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஆயிற்று, ஆகவில்லை என்று வந்து சொல்ல வேண்டும். முன்பு சேலத்து ஆள் ஒருவன் கேள்வி கேட்டான். ஊரே கூடிப் பதில் சொன்னது. அவன் காரியம் முடிந்ததும் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. ஒருத்தன் தன் வேலையை விட்டுவிட்டு உனக்காக யோசித்துச் சொல்கிறான், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விடுவது அவன் முகத்தில் அடிப்பது என்றார் சுப்பு சார்.

சுப்பு சார் என்கிற சுப்ரமணியன் மாட்டுங்காக்காரர். பூர்வீகம் பாலக்காடு. பெரிய லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவைத் தொடங்கியவர் அவர்.

கண்ணா சொன்ன எண்ணைப் பூலோகம் போட்டான். கோடு ஓடியது. கட்டங்கள் காலியாக வந்தன. ஆகவில்லை என்று குழுவில் சொல்வதற்குள் சுப்பு சாரே நேராக அழைத்துவிட்டார்.

"போட்டியா? ஏத்துக்கலையோல்லியோ? இத்தோட நிறுத்து. சில பெட்டி உள்ளுக்குள்ள எண்ணிண்டே இருக்கும், வெளில காட்டாது. எத்தனையாவது தப்புல கதவச் சாத்தும்னு அதுக்குத்தான் தெரியும்."

"அக்காவ எறக்கணுமே சார். பதினொண்ணுக்குக் கெளம்பணும்."

"நாலு விரல்தானேடா. இன்னிக்கு ஒரு பலகையச் சாய்ச்சு வச்சு எறக்கு. நான் பழைய ஆள் ஒருத்தனக் கேட்டு, சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

"சரி சார்."

சரி என்றுதான் சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

அக்கா என்றது மதீனா பீவியை. பன்னிரண்டாம் மாடியில் எதிர் வீடு. சிறுநீரகம் இரண்டும் போய், செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸுக்குப் போகிறவள். மகள் சபுரா அவளைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். மிச்சத்தைப் பூலோகத்தின் மனைவி பிரேமலதா பார்த்துக்கொண்டாள். தாராவி வீடு போய் இங்கே வந்த புதிதில், சந்தும் சத்தமும் இல்லாத இந்த உயரத்தில், பிரேமலதா சன்னலைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டே இருந்தாள். எதிர்க் கதவைத் திறந்து, "யாரு அழுவுறது, நம்ம ஊருப் பேச்சுல அழுவுதியளே" என்று கேட்டவள் மதீனா பீவி. அன்றிலிருந்து இரண்டு கதவும் பகலில் சாத்துவதில்லை.

போன சனிக்கிழமை நாற்காலியின் முன்சக்கரம் அந்த நாலு விரலில் இடறி, ஊசி குத்துகிற கையோடு மதீனா பீவி லிஃப்ட் கதவில் போய் மோதினாள். கை வீங்கிவிட்டது.

"நான் சீத்தா கேம்ப்புக்கே போயிருதேன் தம்பி" என்றாள் அன்றைக்கு. "தங்கச்சி வீடு தரையோட இருக்கு. ஆட்டோ வாசல்ல வந்து நிக்கும்."

"எதுக்குக்கா? செவ்வாக்கெழமைக்குள்ள சரி பண்ணித் தாரேன். போவாதிய."

"நீ பண்ணிருவ. அது கேக்கணுமே."

பிரேமலதா பூலோகத்தைப் பார்த்தாள். அவன் இன்னொரு முறையும் சொன்னான், செவ்வாய்க்குள் என்று.

இப்போது செவ்வாய். சுப்பு சார் போனை வைத்ததும் பூலோகம் லிஃப்டைப் பழையபடி ஓட விடுவதற்காக ஸ்விட்சில் கை வைத்தான். போன் சிணுங்கியது, குழுவில் இன்னொரு குரல்.

"பூலோகண்ணே, தௌஃபீக்கு பேசுதேன். சிரிக்காதிய."

தௌஃபீக் ஷார்ஜாவில் இருந்தான். மேலப்பாளையத்துப் பையன். அவன் சொல்கிற யோசனை ஒருநாளும் பலித்ததில்லை. வலது பக்கம் திருப்பு என்று தௌஃபீக் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் திருப்பலாம் என்பது குழுவில் பேச்சு. போன வாரம் பூலோகமே, "தௌஃபீக்கு, நீ சொன்னபடியே செஞ்சேன்டே. லிஃப்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிட்டு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அதற்குப் பிறகு தௌஃபீக் சில நாள் வாயைத் திறக்கவில்லை. பூலோகத்துக்கு அது உறுத்திக்கொண்டிருந்தது.

"என் ரூம்ல ஒரு ஆளு இருக்காரு. அந்தக் கம்பெனியிலயே வேல பாத்தவரு. டூட்டி முடிச்சிட்டுத் தூங்குனாரு, எழுப்பிக் கேட்டுட்டேன். ஏசிக்கிட்டேதான் சொன்னாரு. நம்பர் சொல்லுதேன், போட்டுட்டுச் சொல்லுங்கண்ணே."

நான்கு இலக்கங்களைத் தனித்தனியாக, இரண்டு தடவை சொன்னான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிப்பது போல இருந்தது.

பூலோகம் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தான். போட வேண்டாம் என்று அவனுக்குத் தெரிந்தது. போடாமல் விட்டால், எல்லோருடையதையும் போட்டுப் பார்த்த அண்ணன் என்னுடையதை மட்டும் விட்டுவிட்டான் என்று ஷார்ஜாவில் ஒருவன் நினைப்பான் என்பதும் தெரிந்தது. போடாமலே போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

போட்டான்.

கோடு ஓடவில்லை. திரை அணைந்து எரிந்தது. ஒரு பூட்டின் படம் வந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, கம்பெனியைத் தொடர்பு கொள்ளச் சொல்லி.

மெயின் ஸ்விட்சை அணைத்தான். காத்திருந்தான். போட்டான். பூட்டு. இன்னும் நேரம் விட்டு அணைத்துப் போட்டான். பூட்டு. உள்ளே போகும் வழிதான் அடைத்தது, லிஃப்டாவது ஓடும் என்று ஸ்விட்சைத் தள்ளிப் பார்த்தான். மோட்டார் அசையவில்லை. பழுது பார்க்கும் நிலையில் வைத்தபடியே பெட்டி தன்னைப் பூட்டிக்கொண்டுவிட்டது. இரவு வரை தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட் அது.

குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். என்னாச்சு, என்னாச்சு.

"பூட்டிக்கிட்டு" என்றான் பூலோகம்.

பூட்டு விழுந்த பெட்டியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். பிறகு தௌஃபீக்.

"அண்ணே, என் நம்பரப் போட்டியளா?"

"இல்லடே. உன்னதப் போடதுக்கு முன்னாலயே பூட்டிக்கிட்டு."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. "அல்ஹம்துலில்லா" என்று அல்லாவுக்கு நன்றி சொன்ன தௌஃபீக், பிறகு தான் சொன்னது தப்போ என்று நினைத்தவன் போல, "அய்யோ, லிஃப்டுக்காகச் சொல்லலண்ணே" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"அப்படீன்னா என்னோடதுதானுங்களா கடைசி?" என்று கேட்டான் கண்ணா.

பூலோகம் பொத்தானை அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான். மோட்டார் அறையின் காற்றுச் சத்தம் மட்டும் கொஞ்சம் பதிவாகிக் கோயம்புத்தூருக்குப் போயிற்று.

பிரேமலதா மாடி ஏறி வந்தாள்.

"பட்டன் எரியலயே."

"ம்."

"அக்கா உடுத்து இருக்கா."

"ம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பூட்டுப் படத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "கையால சுத்தி எறக்க முடியாதா? முந்தி ஆளு மாட்டுனா எறக்குவியளே."

"இந்த மோட்டாருக்குச் சுத்துத சக்கரம் கெடயாது. பிரேக்க விட்டா தானா நவுரும். ஆனா கீழ போவாது, மேலதான் போவும். அந்தப் பக்கம் தொங்குத எடைக்கல்லு கனம்."

"ஆள ஏத்துனா?"

"ஏழெட்டுப் பேரு ஏறுனா கீழ வரும். வர ஆரம்பிச்சா நிறுத்துறது என் கை மட்டுந்தான்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அக்காவிடம் சொல்ல இறங்கிப் போனாள்.

வரச் சொல்லி அவன் யாரையும் கேட்கவில்லை. வந்துகொண்டிருக்கிறேன் என்று வந்தனா சொன்னபோது அவள் ஏற்கெனவே வாஷி ஸ்டேஷனில் நின்றாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. சான்பாடாவில் குடியிருப்பு, வாஷியில் ஒரு பட்டறையில் இதுபோன்ற பெட்டிகளுக்குள் ஒயர் இழுக்கிற வேலை. குழுவில் இருந்த ஒரே பெண். முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் பட்டறை லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மோட்டார் அறை வாசலில் நிழல் விழுந்தது. "பூலோகம் பையா?"

குரல் தெரிந்தது. ஆளைத் தெரியவில்லை. ஒல்லியாக, சின்னதாக ஒருத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வந்தனாவா? குரல வச்சு ஆறடி இருப்பியன்னு நெனச்சேன்."

"குரல்தான் ஆறடி. பாக்கி அஞ்சுகூட இல்ல. பானி ஹை க்யா? தண்ணி குடுங்க மொதல்ல."

"சுப்பு சாரும் வாரேன்னாரே."

"வந்துட்டார். கீழ இருக்கார்."

"கீழன்னா?"

"கீழன்னா கீழ. ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனவர். மொதல் மாடி கூட ஏற முடியல. வாட்ச்மேன் சேர்ல உக்கார வச்சுட்டு வந்தேன்."

போனில் சுப்பு சாரின் குரல் வந்தது. "ஓய், நான் வந்தாச்சு. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவன் லிஃப்ட் இல்லாம மேல வர முடியாம உக்காந்திருக்கேன். சிரிக்கறதானா சிரிச்சுக்கோங்கோ. வந்தனா, கேபிள் போறதான்னு பாரு."

கேபிள் பெட்டியில் பொருந்தியது. வந்தனா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டி அவளிடமும் எண்ணைத்தான் கேட்டது. பிறகு கம்பெனி முத்திரை உள்ள சாவி ஒன்றைச் செருகச் சொன்னது. அவள் இரண்டு மூன்று வழிகளில் முயன்றாள். கீழேயிருந்து சுப்பு சார் ஒன்று சொல்வார், இவள் செய்வாள், ஆகவில்லை என்பாள். ஷார்ஜாவிலிருந்து ஒன்று வரும். ஆகவில்லை. கண்ணாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

"பஸ், போதும் பையா" என்று லேப்டாப்பை மூடினாள். "இது நம்ம கையில இல்ல."

கட்டடத்தில் ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒன்பதாம் மாடியில் பெயின்டர் ஒருவர் காய்ச்சல் விட்டு எழுந்த அலுப்போடு வீட்டில் இருந்தார். கூப்பிட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் மதீனா பீவியை உட்கார வைத்து, பூலோகம் தன் வேலைப் பையிலிருந்த பெல்ட்டால் அவள் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டினான். லிஃப்ட் குழியில் இறங்கும்போது அவன் மாட்டிக்கொள்கிற பெல்ட். அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"பிரேமா சொன்னா, பொட்டி என்னய மேலதான் கொண்டுபோவுமாமே" என்றாள். "அதுக்கு என்ன அவசரம் வாப்பா? எப்படியும் மேலதான் போவணும்."

பூலோகம் பின்பக்கம், பெயின்டர் முன்பக்கம். வந்தனா வீங்கின கையைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில். பிரேமலதா மருந்துப் பையோடு முன்னால் போய், வழியில் கிடந்த வாளியையும் சைக்கிளையும் தள்ளினாள்.

"எங் கல்யாணத்துல கூட இப்படித் தூக்கிட்டு வரல."

"பேசாதிய அக்கா. கனக்கு."

"பேச்சு கனக்கா, நான் கனக்கேனா?"

திரும்பும் இடங்களில் நாற்காலியின் கால் சுவரில் இடித்தது. ஒவ்வொரு இடியிலும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஏழாம் மாடியில், "எறக்கி வைங்க, மூச்சு வாங்குது" என்றாள்.

"தண்ணி வேணுமாக்கா?"

"எனக்கில்ல. அந்தப் பெயின்டர் தம்பிக்கு. காச்சக்காரப் புள்ள."

வைத்தார்கள். பெயின்டர் படியில் உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். கதவு திறந்து ஒரு மராத்திக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மதீனா பீவி தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். அவள் குடிக்கக் கூடாது, அளவு உண்டு. பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"நாலு வெரல்தான தம்பி" என்றாள் மெதுவாக. "நேத்து வரைக்கும் ஓடிச்சே."

பூலோகம் பெல்ட்டைச் சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தது. மறுபடி சரிபார்த்தான்.

அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை. ஐந்தாம் மாடிக்குக் கீழே முகம் வெளுத்து, உதடு காய்ந்து, வந்தனாவின் தோளில் தலை சாய்ந்துவிட்டது.

கீழே சுப்பு சார் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் தடி. நெற்றியில் சந்தனம் வியர்வையில் வழிந்திருந்தது. மேலே வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். மதீனா பீவி கண்ணைத் திறந்தாள்.

"நீங்க யாரு?"

"லிஃப்ட்காராள்தான்."

அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "லிஃப்டுக்காரவ எல்லாரும் வந்துட்டிய" என்றாள். "லிஃப்டுதான் வரல."

வந்தனா சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பிரேமலதா ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

அந்த இடைவெளியில் சுப்பு சார் பூலோகத்தைச் சுவரோரமாக அழைத்தார்.

"நான் நிறுத்துன்னு சொன்னப்போ பெட்டி திறந்துதான் இருந்தது."

"ஆமா சார்."

"அப்பறம் ஒண்ணு போட்டிருக்கே."

"தௌஃபீக்கோடது."

"குழுவுல வேற மாதிரி சொன்னே."

பூலோகம் தரையைப் பார்த்தான்.

"கண்ணா ரெண்டு தடவை எனக்குப் போன் பண்ணிட்டான். ஒரு நோயாளிப் பொம்மனாட்டிய நான் மாடில அடைச்சுட்டேனே சார்ங்கறான். அவன் கிட்ட சொல்லிடு."

"சொல்லுதேன். தௌஃபீக்குக்குத் தெரிஞ்சிருமே சார். அவன் அப்பொறம் வாயே தெறக்க மாட்டான்."

சுப்பு சார் தடியின் பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். "எழுப்பிக் கேட்டேன்னானே, பாவி" என்றார். "போட்டுப் பாக்கணும்னு வச்சவன் நானாக்கும்." ஆட்டோ வந்துவிட்டது.

டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்கான மிஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். கோபமாக யாரும் பேசவில்லை. காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தார்கள். பிற்பகலில் இடம் கிடைத்தது. அதற்குப் பின்னாலும் ஆட்கள் இருந்ததால் வழக்கமான நேரம் ஓட்ட முடியாது, வியாழக்கிழமை சேர்த்துப் பார்க்கலாம் என்றார் நர்ஸ். கையின் வீக்கத்தைப் பார்த்து எப்போது ஆனது என்று கேட்டார். பிரேமலதா சொன்னாள்.

பூலோகம் வெளியே மரத்தடியில் நின்றான். வந்தனா பட்டறைக்கும் சுப்பு சார் வீட்டுக்கும் போய்விட்டிருந்தார்கள். குழுவில் ஹைதராபாத் ஆள் ஒருவர் கதவு சென்சார் பற்றிக் கேட்டிருந்தார். யாரோ பதில் சொல்லியிருந்தார்கள். தௌஃபீக் இரண்டு முறை, "அக்கா எப்படி இருக்கா அண்ணே" என்று கேட்டிருந்தான். கண்ணா தனியாக ஒன்று அனுப்பியிருந்தான்.

"ஏனுங்கண்ணா, அக்காவுக்கு ஒண்ணும் ஆகலைங்களே? நான் மில்லு லிஃப்டுன்னு நெனச்சுச் சொல்லிப்போட்டேன். அது வேற மாடலுங்களாட்ட இருக்குது. உங்க பெட்டிப் படத்த இப்பத்தான் நல்லாப் பாத்தனுங்க."

பூலோகம் பொத்தானை அழுத்திக்கொண்டு, "கண்ணா, உன்னது கடைசி இல்லப்பா" என்றான். நிறுத்தினான். அப்படியானால் யாருடையது என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் கண்ணா குழுவில் போய்ச் சொல்வான். கெட்ட எண்ணத்தில் இல்லை, மனசு ஆறிய வேகத்தில் சொல்வான். அழித்தான். "உன் மேல தப்பு இல்ல" என்று பதிவு செய்தான். கேட்டுப் பார்த்தான். தப்புச் செய்தவனுக்குச் சொல்வது போலவே இருந்தது. அதையும் அழித்தான். பிறகு, "அக்காவுக்கு ஒண்ணும் இல்ல" என்று மட்டும் அனுப்பினான்.

சாயங்காலம் மதீனா பீவி வெளியே வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. பிரேமலதா அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்டார்.

பூலோகம் வாயைத் திறந்தான். இறங்கும்போது பெயின்டர் இருந்தார். ஏறுவதற்கு ஆறு பேராவது வேண்டும். வியாழக்கிழமை மறுபடி இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். சனிக்கிழமையும்.

"சீத்தா கேம்ப்" என்றாள் மதீனா பீவி.

பிரேமலதா அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பூலோகத்துக்கு இடம் இருந்தது. அவன் ஏறவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

"வெயில்ல நிக்காத தம்பி" என்றாள் மதீனா பீவி, ஆட்டோ நகரும்போது. வெயில் அப்போது இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலையில் சொசைட்டி கூப்பிட்ட வேறு லிஃப்ட் கம்பெனி ஆள் ஒருவர் படியேறி வந்து பெட்டியைப் படம் எடுத்தார். பெட்டிக்குள் இருக்கும் போர்டைக் கழற்றிப் புனேவுக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வர நாளாகும் என்றார். யார் எண் போட்டது என்று கேட்டார். பூலோகம் நான்தான் என்றான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில், ஓடாது என்று வாட்ச்மேன் காகிதம் ஒட்டினார்.

குழுவிலிருந்து கண்ணா வெளியேறினான் என்று போனில் ஒரு வரி இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பூலோகம் மாட்டுங்காவுக்குப் போனான். ஒரு கட்டடத்தில் கதவு ரோலர் மாற்றினான். இன்னொன்றில் கிரீஸ் போட்டான். நடுவில் தௌஃபீக் எரிந்துபோன ரிலே ஒன்றைக் காட்டி அதைப் பற்றிக் கேட்டான். பூலோகம் பதில் சொன்னான். தௌஃபீக் செய்து பார்த்துவிட்டு, ஆயிற்று என்றான்.

சபுரா வேலைக்குப் போகும் வழியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் பிரேமலதா எதிர் வீட்டைத் திறந்து துணிகளையும் மருந்துகளையும் இரண்டு பைகளில் கட்டினாள். பூலோகம் அவற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பஸ் பிடித்து சீத்தா கேம்ப் போனான். மதீனா பீவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கச் சொன்னாள். குடித்தான். பஸ் கூட்டமாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பினான். வீட்டில் அன்று தண்ணீர் நேரத்துக்கு வந்திருந்தது. பிரேமலதா குடங்களை நிரப்பி வைத்திருந்தாள். சாப்பிட்டார்கள்.